மூன்றாம் தீவனம்

ஜனவரி 6

நண்டுத்திட்டு வந்து சேர்ந்தேன். சீர்காழியில் இறங்கியதும் கம்பெனி வேன் காத்திருந்தது. உப்பனாறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் ஆற்றங்கரையில் நான்கு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு லேப், ஒரு தங்கும் அறை. எனக்கு முன்னால் இருந்தவர் சுவரில் ஒட்டிய காலண்டரைக்கூடக் கிழிக்காமல் போயிருக்கிறார். இங்கே எப்போதும் இருக்கிற ஒரே ஆள் மோட்டார் பார்க்கும் கலியபெருமாள் அண்ணன். ஐம்பது வயதிருக்கும். கேட்டால்தான் பேசுகிறார்.

பன்னிரண்டு வார வேலை. ஒன்பது தொட்டி, தொட்டிக்கு நாற்பது கொடுவாக் குஞ்சு. மூன்று வகைத் தீவனம். முதல் தீவனத்தில் மத்தி எண்ணெய். இரண்டாவதில் பாதி மத்தி எண்ணெய், பாதி விதை எண்ணெய். மூன்றாவதில் மீன் எண்ணெயே கிடையாது, ஆளிவிதையும் சூரியகாந்தியும்தான். மீன் தூளுக்குப் பதிலாகச் சோயா. ஏழு, எட்டு, ஒன்பது தொட்டிகளுக்கு இந்த மூன்றாம் தீவனம்.

கிளம்பும்போது மேனேஜர் சுதர்சன் சார் சொன்னார். “கடல்ல மத்தி குறைஞ்சுக்கிட்டே போகுது ஆவுடைச்செல்வி. விதை எண்ணெயில கொடுவாவை வளர்த்துக் காட்டிட்டா உன் கான்ட்ராக்ட்டும் நிரந்தரமாயிடும்.” வேன் ஏறும் வரை அது காதில் இருந்தது.

ஜனவரி 7

மீன் வந்தது. முந்நூற்று அறுபதில் இரண்டு வழியிலேயே செத்திருந்தன, மாற்றிக் கொடுத்தார்கள். அம்மா தென்காசியிலிருந்து போன். “ஏட்டி, அந்த நாத்தத்துல சோறு எறங்குதா?” எங்கள் வீட்டில் யாரும் மீனைத் தொட்டதில்லை. நான் படித்ததைச் சொந்தக்காரர்களிடம் இன்னும் ‘கடல் படிப்பு’ என்றுதான் அம்மா சொல்கிறாள்.

ஜனவரி 19

உப்பளவு சரி. ஆக்சிஜன் சரி. ஐந்தாம் தொட்டியின் குழாய் அடைப்பை எடுத்தேன். தலைக்குத் தேய்க்க எண்ணெய் வாங்கிவர மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 11

ஐந்தாவது வார எடை. மூன்று தீவனத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். மூன்றாவது ஒரு நூல் முன்னால்கூட நிற்கிறது. சுதர்சன் சாருக்குப் போட்டோ அனுப்பினேன். கைதட்டும் படம் திரும்பி வந்தது.

பொழுது சாயும் நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போடத் தொட்டிகளுக்கு நடுவே போனேன். ஒன்றாம் தொட்டியில் என் நிழல் விழுந்ததும் நாற்பது மீனும் ஒரே மீனாகத் திரும்பி எதிர்ச் சுவருக்கு ஓடின. தண்ணீர் தரையில் தெறித்தது. ஆறு தொட்டியிலும் இப்படியே. வழக்கமானதுதான், மேலிருந்து வரும் நிழல் என்றால் கொக்கு, பருந்து. முட்டையிலிருந்து வந்த நாளிலிருந்தே அதற்கு அது தெரியும்.

ஏழாம் தொட்டியில் ஒன்றும் நடக்கவில்லை.

குனிந்து பார்த்தேன். செத்துவிட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். செத்த மீன் சாயும். இவை நேராக நின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து. செவுள் அசைந்தது. கையை நீட்டினேன். பிறகு கையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஒன்றின் முதுகைத் தொட்டேன். அது விலகவில்லை. விரலால் மெல்லத் தள்ளினேன். தள்ளிய தூரம் போய் அங்கே நின்றது.

எட்டிலும் அப்படி. ஒன்பதிலும் அப்படி.

கரண்ட் வந்து குழல்விளக்கு எரிந்ததும் மூன்று தொட்டியும் சாதாரணமாக நீந்த ஆரம்பித்தன. தீவனம் போட்டேன், பாய்ந்து தின்றன.

பிப்ரவரி 12

கலியபெருமாள் அண்ணனிடம் கேட்டேன், சாயங்காலத்தில் ஏழாம் தொட்டிப் பக்கம் எதையாவது பார்த்தாரா என்று. அவர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்.

“பதினஞ்சு நாளா பாக்குறேம்மா. அதுனாலதான் அந்தக் கொட்டாயில அஞ்சு மணிக்கே லைட்ட போட்டுடுறேன்.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“என்னன்னு சொல்றது? தொட்டியில மீன் இருக்கு. ஆனா யாருமில்ல.”

மார்ச் 3

தொட்டிக்கு மூன்று மீன் எடுத்துக் கிராம்பு எண்ணெய்த் தண்ணீரில் மயக்கி அறுத்தேன். முதல் தீவன மீனின் ஈரல் அடர்ந்த சிவப்பு. மூன்றாம் தீவன மீனின் ஈரல் பெரியது, வெளிறிய மஞ்சள், தொட்டால் வெண்ணெய் மாதிரி விரலில் ஒட்டுகிறது. ஃபார்மலின் பாட்டிலில் போட்டேன். மற்ற ஈரல்கள் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தன. இவை மட்டும் மிதந்தன. ஒன்பது பாட்டிலில் ஒன்பது ஈரல், மூடிக்குக் கீழே வந்து நிற்கின்றன. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தின்ற எண்ணெய் எதுவோ அதுதான் மீனின் உடம்பில் கொழுப்பாகப் படியும். கண்ணுக்கும் மூளைக்கும் ஒரு குறிப்பிட்ட கொழுப்பு வேண்டும். மத்தி எண்ணெயில் அது தயாராக இருக்கிறது. ஆளிவிதையில் இருப்பது அதன் அரைகுறை வடிவம். கெண்டை மாதிரி நன்னீர் மீன்கள் அதை வாங்கி, நீட்டி, வேண்டியதாக மாற்றிக்கொள்ளும். கொடுவாவுக்கு அது வராது. கடலில் வேறு மீனைத் தின்றே வளர்ந்த இனம், செய்து கொள்ள வேண்டிய அவசியம் அதற்கு வந்ததே இல்லை. கல்லூரியில் இதை ஒரு பக்கத்துக்குப் படித்து இருபது மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.

கண்களையும் மூளையையும் ஐஸில் வைத்துக் கம்பெனி லேபுக்கு அனுப்பினேன்.

மார்ச் 18

மூன்று நாளாகச் சாயங்காலம் விளக்கைப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி, ஒரு கறுப்பு அட்டையை எல்லாத் தொட்டி மேலும் ஒரே உயரத்தில் வீசிப் பார்த்தேன். முதல் தீவனம், தொட்டியில் மிச்சமிருந்த முப்பத்தேழுக்கு முப்பத்தேழும் ஓடின. இரண்டாவது, கொஞ்சம் தாமதித்தாலும் ஓடின. மூன்றாவது, முப்பத்தேழில் இரண்டு, மூன்று. மூன்று நாளும் அதே கணக்கு. தனித்தாளில் எழுதி வைத்தேன். எனக்காகத்தான்.

மார்ச் 30

லேப் முடிவு வந்தது. மூன்றாம் தீவன மீனின் கண்ணிலும் மூளையிலும் அந்தக் கொழுப்பு வேண்டிய அளவில் பாதிக்கும் கீழே. சுதர்சன் சாருக்குப் போன் செய்தேன்.

“வளர்ச்சி எப்படி?”

“நல்லா இருக்கு சார்.”

“சாவு?”

“இல்ல சார்.”

“சதை? ருசி?”

“எல்லாம் சரி சார். கண்ணுலதான்...”

“கண்ணை யாரு திங்கப்போறா?”

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அறிக்கைப் படிவத்தில் எடை, சாவு, தீவனச் செலவு, சதைக் கொழுப்பு, நிறம், ருசி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நடத்தைக்குக் கட்டம் இல்லை. கடைசியில் ‘பிற’ என்று ஒன்று இருந்தது. கோடு போட்டு அனுப்பினேன். கேட்காததை எழுதுவது முறையும் இல்லை.

ஏப்ரல் 9

சோதனைத் தொட்டிகள் போகத் தனியாக ஒரு பெரிய தொட்டியில் மூன்றாம் தீவனம் போட்டு வளர்த்திருந்த ஆயிரத்து இருநூறு மீனை இன்று ஊர்ப் பெண்கள் குழுவுக்குக் கொடுத்தோம். ஆற்றுக்குள் இரண்டு மிதவைக் கூண்டு, கூண்டுக்கு அறுநூறு. அறுவடை வரை கணக்கு எடுக்க நானும் இங்கேயே தங்குகிறேன். குழாயை வளைத்தது, டிரம் கட்டியது, வலை தைத்தது எல்லாம் அந்தப் பன்னிரண்டு பெண்களே. இதற்காக ஒரு வருஷமாக மற்ற வேலைக்குப் போகாமல் முறைபோட்டு உழைத்திருக்கிறார்கள்.

தலைவி தையல்நாயகி அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு டப்பாவையும் தானே வாங்கினார். நாற்பத்தைந்து வயது, சன்னமான உடம்பு, குரல் மட்டும் அக்கரைக்குக் கேட்கும். கடைசி டப்பா இறங்கியதும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மேடம், நல்ல மீன்தான?”

மத்தியான வெயில். மீன்கள் பளபளவென்று வட்டமடித்துக் கொண்டிருந்தன.

“நல்ல மீன்க்கா.”

மே 2

நிரந்தர உத்தரவு தயாராகிறது, கையெழுத்துதான் பாக்கி என்று தகவல். அம்மா கோவிலுக்குப் போய்விட்டு வந்து போன் செய்தாள்.

மே 27

கூண்டு மீன் சராசரி முந்நூற்று இருபது கிராம். தையல்நாயகி அக்கா நண்டுக் குழம்பு கொண்டு வந்து, நான் சாப்பிடமாட்டேன் என்றதும் “மீனுக்கும் வெதை எண்ணெ, மேடத்துக்கும் வெதை எண்ணெ” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 2

மாத எடைக்குப் போனோம். முதல் கூண்டில் கைவலையைப் போட்டதும் தெரிந்தது, மீன் குறைந்திருக்கிறது. எண்ணினோம். முந்நூற்றுப் பதினொன்று. மறுபடியும் எண்ணினோம். அதே முந்நூற்றுப் பதினொன்று. செத்து மிதந்தது என்று யாரும் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் கூண்டு சரியாக இருக்கிறது.

பெண்கள் படகில் திரும்பும்போதும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

ஜூலை 5

சமுதாயக் கூடத்தில் குழுக் கூட்டம், என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூண்டுக்குக் காவல் நான்கு முறை. சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை வனரோஜா அக்கா. நாற்பது வயதிருக்கும். அதிகம் சேர்ந்து பேசமாட்டார். பெண் திருவாரூரில் நர்சிங் படிக்கிறாள். கரையோரக் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்தால் முதல் கூண்டு கல்லெறியும் தூரம்.

பகலில் ஆற்றில் ஆள் நடமாட்டம். ராத்திரிக் காவலுக்கு இரண்டு இரண்டு பேர். தனியாக இருப்பது வனரோஜா மட்டும்.

“எனக்கு ஒரு சத்தமும் கேக்கல” என்று அவர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

“ஒரு கொடுவா துள்ளுனா கரைக்குக் கேக்கும்” என்றார் தையல்நாயகி அக்கா. “முந்நூறு மீன் போயிருக்கு ரோஜா. ஒண்ணுகூடவா துள்ளல? காது கேக்காதவளா நீ?”

“சத்தியமா கேக்கல.”

“தூங்குனியா?”

“தூங்கல.”

“அப்ப யாருக்கு அள்ளிக் குடுத்த?”

அப்போது தையல்நாயகி அக்கா என் பக்கம் திரும்பினார். “மேடம், படிச்சவங்க நீங்க சொல்லுங்க. கொடுவாவ சத்தமில்லாம தண்ணியவிட்டு எடுக்க முடியுமா?”

“முடியாது” என்றேன்.

பொதுவாகக் கேட்டார்கள். பொதுவாகச் சொன்னேன்.

வனரோஜாவைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

ஜூலை 6

பி.எச். மீட்டரைச் சரிபார்த்தேன். துணி துவைத்தேன்.

ஜூலை 8

வெயில் இறங்கியதும் கலியபெருமாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு படகில் முதல் கூண்டுக்குப் போனேன். ஏன் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. கூண்டின் மிதவையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் வெளிச்சம் போய்க் கொண்டிருந்தது. தண்ணீர் பழுப்பிலிருந்து கறுப்பாயிற்று. மீன்கள் சுற்றுவதை நிறுத்தின. ஒவ்வொன்றாக, எங்கே இருந்தனவோ அங்கேயே நின்றன.

கூண்டுக்குள் ஒரு தலை எழுந்தது.

வழுவழுத்த தலை, மீசை, சின்னக் காது. நீர்நாய். வாயில் ஒரு கொடுவா குறுக்கே இருந்தது. எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே கடித்தது. முள் நொறுங்கும் சத்தம் சன்னமாகக் கேட்டது, யாரோ பக்கத்து அறையில் அப்பளம் தின்கிற மாதிரி. அதன் பக்கத்தில் இன்னொரு தலை. அப்புறம் இன்னொன்று. ஐந்து இருந்தன.

என்னை உலுக்கியது நீர்நாய்கள் அல்ல. அவற்றைச் சுற்றி இருந்த மீன்கள். ஒன்று தின்னப்படுகிறது, ஒரு சாண் தள்ளி அடுத்தது நிற்கிறது. அந்த நீர்நாய் அவசரமே படவில்லை. மூக்கால் ஒரு மீனை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி.

ஒரு துள்ளல் இல்லை. தண்ணீர் கலங்கவே இல்லை.

அண்ணன் துடுப்பால் மிதவையை ஓங்கி அடித்தார். ஐந்தும் அமிழ்ந்து மறைந்தன. வலையின் ஒரு பக்கத்தை நாங்கள் இருவரும் தூக்கிப் பார்த்தோம். எண்ணிய அன்று யாரும் தூக்கிப் பார்க்காத அடிப்பக்கத்தில் கிழிசல், நான் உள்ளே புகுந்து வெளியே வரலாம், அவ்வளவு பெரியது. நூல் ஓரங்களில் பாசி பிடித்திருக்கிறது. கிழிந்து பல வாரம் ஆகியிருக்கும்.

அத்தனை வாரமும் கதவு திறந்தே இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஆறு, அதற்கு அந்தப் பக்கம் கடல். மீதி மீன் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

ஜூலை 9

மோட்டார் வால்வு கோளாறு. நாள் முழுக்க அதுதான் வேலை. ஊர்ப் பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை.

ஜூலை 10

மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் கிழிசலைத் தைத்தேன். இரட்டை நூல், இரண்டு அடுக்கு. அண்ணன் படகைப் பிடித்துக் கொண்டார். மீனைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்.

ஜூலை 11

காலையில் டீ குடித்துக் கொண்டிருக்கும்போது கலியபெருமாள் அண்ணன் வந்து வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மேடம், ஓட்டையத் தச்சாச்சு. அதோட ரோஜா வாயையும் சேத்துத் தச்சாச்சு. இனிமே அது என்ன சொன்னாலும் காட்டறதுக்கு ஒண்ணுமில்ல.”

“மீன் போய்ட்டே இருக்கும்ல அண்ணே, தைக்கலன்னா.”

“அதுக்காகத்தான் தச்சீங்களா?”

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அதோட பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து வந்துருக்கு” என்றார். “தண்ணி எடுக்கப் போன எடத்துல திருடி மவள்னு சொல்லிருக்காளுவ. அந்தப் பொண்ணு குடத்த அங்கயே போட்டுட்டு வந்துடுச்சாம்.”

அவர் போன பிறகு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். படிக்கும்போது எழுதியது வேறு யாரோ என்று தோன்றியது. ‘எனக்காகத்தான்’ என்று எழுதியிருக்கிறாள். ‘முறையும் இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். ‘பொதுவாகச் சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறாள். நிழல் மேலே விழுந்த பிறகும் அசையாமல் நின்றிருக்கிறாள்.

இவ்வளவுக்கும் நான் பயந்தது ஒரு கையெழுத்து வராமல் போய்விடுமோ என்றுதான். எனக்கு எல்லாம் தெரியும். பிப்ரவரியிலிருந்தே தெரியும்.

ஜூலை 12

குழுவைக் கூட்டச் சொன்னேன். வனரோஜா அக்காவும் வந்தால்தான் பேசுவேன் என்றேன். தையல்நாயகி அக்கா யாரையோ அனுப்பிக் கூட்டிவரச் சொன்னார். வனரோஜா உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றார். பக்கத்தில் மகள்.

நோட்டை எடுத்துப் படித்தேன். பிப்ரவரி பதினொன்றிலிருந்து, தேதி தேதியாக. எனக்குப் பாதகமான இடங்களைத் தாண்டிப் போக நாக்கு இழுத்தது. தாண்டவில்லை. முடித்ததும் நோட்டை மூடினேன்.

“புரியல” என்றார் தையல்நாயகி அக்கா. “மீனுக்குக் கண்ணு தெரியாதா?”

“பகல்ல தெரியும்க்கா. இருட்டுனா தெரியாது. தெரிஞ்சாலும் பயம் வராது. கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய கொழுப்பு அந்தத் தீவனத்துல இல்ல.”

“கண்ணால பாக்காம நம்பமாட்டேன்.”

சாயங்காலம் மூன்று படகில் இரண்டாம் கூண்டுக்குப் போனோம். வெளிச்சம் போகும்வரை காத்திருந்தோம். தையல்நாயகி அக்கா முதலில் கையை ஆட்டினார். பிறகு துணியை வீசினார். பிறகு துடுப்பால் தண்ணீரை அறைந்தார், திவலை எங்கள் முகத்தில் தெறித்தது. கூண்டுக்குள் அறுநூறு மீன் ஆளுக்கொரு திக்கில் நின்றன. ஒரு பெண் வாயைப் பொத்திக் கொண்டாள். இன்னொருத்தி “மாரியாத்தா” என்று மட்டும் சொன்னாள். பிறந்ததிலிருந்து மீனோடு இருக்கிறவர்கள். துள்ளி, வழுக்கி, முள்ளால் குத்தி, கடைசி மூச்சு வரை தப்பப் பார்க்கிற மீனைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

வனரோஜா மட்டும் கூண்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“பிப்ரவரி பதினொண்ணு.”

“எம்மேல பழி விழுந்தது ஜூலை அஞ்சு.”

“ஆமாக்கா.”

“அன்னிக்கும் நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க.”

“ஆமாக்கா.”

கரை சேர்ந்ததும் தையல்நாயகி அக்கா வனரோஜாவின் கையைப் பிடிக்கப் போனார். அவர் உதறிவிட்டு மகளோடு நடந்து போனார்.

ஜூலை 13

மார்ச்சில் எழுதி வைத்த நிழல் சோதனைத் தாளையும் லேப் முடிவையும் இணைத்து, அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். ‘பிற’ கட்டம் போதவில்லை. தனித்தாள் வைத்தேன்.

ஜூலை 20

சுதர்சன் சார் போன். கத்துவார் என்று நினைத்தேன். குரலில் குஷி.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல? இது குறை இல்லம்மா, பெரிய பாயின்ட். பிடிக்கும்போது மீன் திமிறாது, செதில் உதிராது, சதையில ரத்தம் கட்டாது. ஹோட்டல்காரங்க கொத்திட்டுப் போவாங்க. ‘சாந்தம்’னு பேரு போடலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். அடுத்த வருஷம் இருபது கூண்டு. நீதான் இன்சார்ஜ்.”

“நீர்நாய் வந்தா சார்?”

“கம்பி வலை போடு.”

“வலை கிழிஞ்சாலும் அதுக்கு வெளிய போகத் தெரியல சார்.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன்.”

திருத்திய அறிக்கையை அப்படியே வெளியிட்டால்தான் அந்த இன்சார்ஜ் வேலைக்குக் கையெழுத்துப் போடுவேன் என்றேன். யோசித்துச் சொல் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

ஜூலை 24

செப்டம்பர் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பு இல்லை. ஒரு வரி மெயில். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3

கம்பெனித் தீவனத்தை நிறுத்திவிட்டோம். தினமும் காலையில் படகு வரும்போது கலியபெருமாள் அண்ணன் மத்தியும் சூடை மீனும் வாங்கி வருகிறார், பெண்கள் நறுக்கிப் போடுகிறார்கள். நறுக்குகிற வரிசையில் நானும் உட்காருகிறேன். முதல் நாள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். இப்போது பரவாயில்லை.

“இதத் தின்னா சரியாயிடுமா?” என்று தையல்நாயகி அக்கா கேட்டார்.

“சதையில சீக்கிரம் மாறும். கண்ணும் மூளையும் எவ்வளவு திரும்பும்னு எனக்குத் தெரியலக்கா.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இவ்வளவு சுலபமாக இருந்தது.

வெளிச்சம் போகிற நேரத்தில் இப்போது எல்லோரும் கரைக்கு வருகிறார்கள். தகரம், தட்டு, பிளாஸ்டிக் டிரம். இருட்டு முழுசாக இறங்கி முறைக்காவல் வரும்வரை தட்டுகிறோம். அலையாத்திப் பக்கமிருந்து ஐந்து தலைகள் எழுந்து பார்த்துவிட்டு அமிழ்கின்றன. முதல் நாள் ஒருத்தி கை ஓய்ந்து நிறுத்தியபோது தையல்நாயகி அக்கா சொன்னார்.

“நிறுத்தாதடி. மீனுங்களுக்குப் பயம் இல்ல. அதுங்களுக்கும் சேத்து நாமதான் பயப்படணும்.”

ஆகஸ்ட் 16

வனரோஜா அக்கா இன்று கரைக்கு வந்தார். யாரிடமும் பேசவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக நின்று தட்டினார். குழு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் எழுதிக் கொடுத்ததாகத் தையல்நாயகி அக்கா சொன்னார். நானும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் வீட்டில் கொடுத்திருந்தேன். மகள்தான் வாங்கிக் கொண்டாள். படித்துவிட்டு, “எங்க ஹாஸ்டல் அட்ரஸுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க” என்றாள். அனுப்பினேன்.

செப்டம்பர் 14

அறுவடை. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று வியாபாரி சொல்லியிருந்தார். கிழக்கு வெளுக்கும் முன்பே கூண்டில் இருந்தோம்.

முதல் கூண்டின் வலையை மார்பளவு தண்ணீருக்குத் தூக்கிக் கட்டினார்கள். தையல்நாயகி அக்காவும் வனரோஜா அக்காவும் உள்ளே இறங்கினார்கள். நான் மிதவை மேல் உட்கார்ந்து எண்ணிக்கை எழுதினேன். மங்கிய வெளிச்சத்தில் மீன்கள் அவர்களைச் சுற்றி நின்றன. புடவை மடிப்பில் வந்து சாய்ந்து நின்றன. கைவலை தேவைப்படவில்லை. பரணிலிருந்து பாத்திரத்தை எடுத்துக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டியில் வைக்கும் வரை ஒன்றும் வாலை அசைக்கவில்லை. வியாபாரியின் ஆள் படகிலிருந்து, “என்னா மீனு! ஒரு செதிலு போவலயே!” என்றான். பாட்டும் பேச்சுமாக நடக்க வேண்டிய வேலை. பெண்கள் கோவிலுக்குள் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

இரண்டாம் கூண்டும் அப்படியே தொடங்கியது. நூறு, நூற்றைம்பது, இருநூறு. இருநூற்றுப் பன்னிரண்டாவதை எடுக்க வனரோஜா அக்கா கையை நீட்டினார்.

அது இல்லை.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு தண்ணீர் வெடித்தது. மீன் அவர் தோளை உரசிக்கொண்டு மேலே எழும்பி, வாலால் கன்னத்தில் அறைந்து, வலை விளிம்பைத் தாண்டி, ஆற்றில் விழுந்தது. பெரிய சத்தம். கரையில் இருந்த கொக்குகள் எழுந்தன. வியாபாரியின் ஆள், “புடி, புடி!” என்று கத்தினான். யாரும் நகரவில்லை. தையல்நாயகி அக்கா ஒரு கூவல் போட்டார். அப்புறம் எல்லாப் பெண்களும் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருத்தி மிதவையைக் கையால் தட்டித் தாளம் போட்டாள். அப்படிப்பட்ட மீன் இன்னும் முப்பது நாற்பது இருந்தன. மற்றவை கடைசி வரை நின்றே வந்தன.

வனரோஜா அக்கா அந்த இடத்திலேயே நின்றார். மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கன்னம் சிவந்திருந்தது. ஜூலை பன்னிரண்டுக்குப் பிறகு முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

“கேட்டுச்சா?” என்றார்.

“கேட்டுச்சுக்கா.”